எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்: எந்த வருட மாடலை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இத்தனை வருடங்களில் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை. உள்ளே நிறைய மாறியது. அதனால் வாங்கப் போகிறவர்களிடம் வரும் முதல் குழப்பமே "எந்த வருடம்?" என்பதுதான். அதைச் சுற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

முதல் கிளாசிக் கார் என்றால் ஏன் எல்லோரும் எம்ஜிபியையே சொல்கிறார்கள்?

எளிமையான கார் என்பதால்தான். 1798 சிசி, 4 சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டர், பின்னால் பட்டை ஸ்பிரிங். கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. நம் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் நினைவிருக்கிறதா? அதுவும் இதுவும் ஒரே குடும்பம். பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் 'பி சீரிஸ்'. அம்பாசிடர் எஞ்சினில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்கை எம்ஜிபி பானெட்டுக்கு முன் நிறுத்தினால் எது எங்கே என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உதிரி பாகம் கிடைப்பது இன்னொரு காரணம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே 1988 முதல் முழு பாடியையும் புதிதாக அடித்துக் கொடுத்தது. இந்த வயதுக் கார் ஒன்றுக்கு அப்படி ஒரு வசதி இருப்பது அபூர்வம்.

18 வருடத்தில் எத்தனையோ மாற்றங்கள். எதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

மூன்று தேதிகள் போதும். 1967 இலையுதிர் காலம்: கியர்பாக்ஸ் மாறியது. 1974 இலையுதிர் காலம்: குரோம் பம்பர் போய் ரப்பர் பம்பர் வந்தது. 1976 கோடை: ரப்பர் பம்பர் காரின் சாலைப் பிடிமானம் சரிசெய்யப்பட்டது. கிரில் மாறியது, சீட் துணி மாறியது, பேட்ஜ் மாறியது என்பதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டவை. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த 1965 மாடலைவிட நல்ல உடம்போடு இருக்கும் 1978 மாடல் எவ்வளவோ மேல். வருடம் இரண்டாவது கேள்வி, பாடி முதல் கேள்வி. துரு பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

1962–67 முதல் தலைமுறை எப்படி? விலை ஏன் அதிகம்?

வடிவத்தில் இதுதான் சுத்தமானது. மெல்லிய குரோம் கிரில், தோல் சீட், சொரசொரப்பான கருப்புப் பெயிண்ட் அடித்த இரும்பு டாஷ்போர்டு. 1965 வாக்கு வரை வந்த ரோட்ஸ்டர்களில் (நிலையான கூரை இல்லாத திறந்த கார்) கதவுக் கைப்பிடி பிடித்து இழுக்கும் வகை. சேகரிப்பாளர்கள் அதற்காகவே தேடுகிறார்கள்.

தினமும் ஓட்ட நினைப்பவர் யோசிக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓட்டத்தில் சத்தமில்லாமல் கியர் மாற உதவும் அமைப்பு) கிடையாது. சிக்னலை நோக்கி உருண்டுகொண்டே முதல் கியருக்கு மாற்றினால் கடமுட என்று சத்தம் வரும். நின்ற பிறகுதான் போட வேண்டும், அல்லது இரண்டு முறை கிளட்ச் மிதித்து மாற்றும் வித்தை தெரிய வேண்டும். பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ. பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ மாட்டினால் புகைந்துவிடும்.

மூன்று பேரிங், ஐந்து பேரிங் என்கிறார்களே, அது என்ன?

கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளின் எண்ணிக்கை. 1964 இலையுதிர் காலம் வரை மூன்று, அதன் பிறகு ஐந்து. மூன்று பேரிங் எஞ்சின் சீறிக்கொண்டு சுற்றும் என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். ஐந்து பேரிங் அதிக வேகத்தில் நிதானமாக இருக்கும், நீடித்தும் உழைக்கும். இதை வைத்து மட்டும் ஒரு காரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

1968, 1969 மாடல்களை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

காரணம் 1967 அக்டோபரில் வந்த மார்க் 2, அதாவது இரண்டாம் தலைமுறை. நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ், ஆல்டர்னேட்டர், இன்றைய கார்களைப் போல நெகடிவ் எர்த் (பாடியோடு இணைவது நெகடிவ் முனை), ரோட்ஸ்டருக்கும் வலுவான பின் ஆக்ஸில் (கூரையுள்ள வகையான ஜிடிக்கு அது தொடக்கத்திலிருந்தே உண்டு). இவ்வளவும் வந்த பிறகும் பழைய குரோம் கிரில் அப்படியே இருந்தது. அடுத்த மாற்றம் 1970 மாடலுக்கு வந்தது. ஆக இரண்டே வருடம்தான் முதல் தலைமுறையின் முகமும் இரண்டாம் தலைமுறையின் கியர்பாக்ஸும் ஒரே காரில் கிடைத்தன. என் கண்ணுக்கு எம்ஜிபியில் இதுதான் உச்சம்.

அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் கவனிக்க: அங்கே போன 1968 முதல் 1971 வரையான கார்களில் பாதுகாப்பு விதிக்காகத் தடித்த மெத்தை வைத்த டாஷ்போர்டு. இரும்பு டாஷ்போர்டு வேண்டும் என்றால் பிரிட்டிஷ் கார்தான் தேட வேண்டும்.

1970 முதல் 1974 வரை?

எம்ஜி, பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தின் கீழ் இருந்த காலம். 1970 மாடலுக்குக் கருப்பு நிறத்தில் உள்ளடங்கிய கிரில் வந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை, 1973 மாடலில் குரோம் சட்டத்துக்குள் கருப்பு வலை வைத்த கிரிலாக மாற்றினார்கள். தோல் சீட் போய் வினைல் வந்தது. இயந்திர ரீதியில் மார்க் 2-இன் நல்லதெல்லாம் அப்படியே இருக்கிறது. நீண்ட தூரம் ஓட்ட, குடும்பத்தோடு போக, அடிக்கடி எடுக்க ஒரு கார் என்றால் 1972–74 குரோம் பம்பர் காரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 1965 மாடலுக்குக் கேட்கும் விலையைவிடக் குறைவாகவும் இருக்கும்.

அமெரிக்காவுக்குப் போன 1970 மாடலில் மட்டும் பின் பம்பர் இரண்டு துண்டாகப் பிரிந்து, நடுவில் நம்பர் பிளேட் இருக்கும். பார்க்க மிக அழகு. அந்தத் துண்டு பம்பர் நெளிந்தால் மாற்று தேடுவது மற்ற வருடங்களைவிடச் சிரமம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ரப்பர் பம்பர் காரை வாங்கவே கூடாது என்கிறார்களே?

பாதி உண்மை. பம்பர் விதியும் விளக்கு உயர விதியும் அமெரிக்காவில் கடுமையானபோது, புதிய காராக வடிவமைக்கக் காசில்லாத நிறுவனம் இரும்புச் சட்டத்தின் மேல் கருப்பு பாலியூரித்தேன் போர்த்தி முன்னும் பின்னும் மாட்டியது. விளக்கு உயரத்துக்காகக் காரையே ஓர் அங்குலத்துக்கும் மேல் தூக்கியது. இதே சமயத்தில் ரோட்ஸ்டரின் முன் ஆன்டி-ரோல் பாரையும் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) எடுத்துவிட்டார்கள். உயரம் கூடி, பாரும் இல்லாமல் போனதால் வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தக் கார்களின் கெட்ட பெயர் நியாயமானதுதான்.

ஆனால் 1976 கோடையில், 1977 மாடலுக்காக, முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் வைத்தார்கள். அதற்குப் பிந்தைய கார் வேறு கார். பிரிட்டனில் விற்ற 1977–80 கார்களில் இரட்டை கார்ப்பரேட்டர், ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), மின் விசிறி எல்லாம் இருக்கும், விலையும் இருப்பதிலேயே மலிவு. கையில் குறைந்த பணம் இருப்பவர் குரோம் பம்பரில் ஓட்டையை வாங்குவதைவிட இதில் நல்லதை வாங்குவது எவ்வளவோ நல்லது. உயரம் உறுத்தினால் இறக்குவதற்கான கிட் தாராளமாகக் கிடைக்கிறது.

அமெரிக்காவில் ரப்பர் பம்பர் வாங்குவது எப்படி?

இங்கே கணக்கு மாறும். 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு இரட்டை எஸ்யூவுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்ப்பரேட்டர். தொடக்கத்தில் 95 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட எஞ்சின் அங்கே 60-ஐ ஒட்டி வந்து நின்றது. அளவிடும் முறை மாறியதும் இதில் கொஞ்சம் உண்டு, ஆனால் ஓட்டும்போது இழப்பு நன்றாகவே தெரியும். 1974 கடைசியில் வந்த, ஆட்கள் '1974½' என்று சொல்லும் கார்களில் மட்டும் ரப்பர் பம்பரோடு இரட்டை கார்ப்பரேட்டர் உண்டு.

கலிஃபோர்னியாவில் இருந்தால் இன்னும் முக்கியமான கோடு ஒன்று. 1975 மாடல் வரையான பெட்ரோல் கார்களுக்கு அங்கே புகைச் சோதனை விலக்கு. 1976 முதல் விலக்கில்லை. அதாவது 1976–80 எம்ஜிபி என்றால் ஏர் பம்ப், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று தொழிற்சாலையில் மாட்டிய எல்லாமே இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளர் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இரட்டை கார்ப்பரேட்டர் மாட்டியிருந்தால் ஓட்ட நன்றாக இருக்கும், பதிவுதான் புதுப்பிக்க முடியாது.

ஓவர்டிரைவ் அவசியமா?

ஊருக்குள் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் இல்லாமலும் இருக்கலாம். மோட்டார்வேயில் ஏறுவீர்கள் என்றால் அவசியம். நாலாவது கியரில் 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 18 மைல் வேகம் வரும். 70 மைலில் போகும்போது எஞ்சின் 3900-இல் கத்திக்கொண்டிருக்கும். துணிக் கூரை மூடிய காருக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டும். ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டியதும் ஊசி 3200 அளவுக்கு இறங்கும். கிளட்ச் தேவையில்லை, சின்ன ஒரு தள்ளல் மட்டும் முதுகில் தெரியும். பெட்ரோலும் மிச்சம்.

பிரிட்டனில் 1975 நடுவில்தான் இது எல்லாக் கார்களிலும் கட்டாயமாக வந்தது. அதற்கு முன் கூடுதல் பணம் கட்டி வாங்கியவர்களின் காரில் மட்டும் இருக்கும், ஆகவே விளம்பரத்தில் 'ஓவர்டிரைவ் உண்டு' என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: அதற்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும்.

துருவை எப்படிப் பார்ப்பது?

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதிலும் மேல்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முழு பாரத்தையும் தாங்குவது கதவுக்குக் கீழே முன் சக்கரம் முதல் பின் சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதி. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு, அடியில் 'காசில் ரெயில்' என்ற இன்னொரு துண்டு. மழைத் தண்ணீரும் சாலையில் கொட்டும் உப்பும் இதற்குள் போய்ச் சேரும். வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும்.

முதலில் கதவைத் திறக்காமல் தள்ளி நின்று கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் நடுவில் கார் தொய்ந்திருக்கிறது. அப்புறம் சில்லின் ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது அந்த இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க மூட இறுகினாலோ மேலே பேச வேண்டாம். ஜாக்கி போடவே தயங்குகிற விற்பனையாளரின் தயக்கமும் ஒரு பதில்தான்.

மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துப்போங்கள். முன் மட்கார்டின் அடிப்பகுதி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலை, பின் சக்கரத்துக்கு முன்னால் வளையும் தகடு, சில் முழுவதும் என்று வைத்துக்கொண்டே வாருங்கள். பிடிக்காத இடமெல்லாம் பட்டி பார்த்த இடம். சில்லும் மட்கார்டும் சேரும் இடத்தில் தொழிற்சாலையின் இணைப்புக் கோடு தெரிய வேண்டும். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு அடித்திருக்க வாய்ப்பு அதிகம். பளபளக்கும் ஸ்டீல் அலங்காரப் பட்டையை அங்கே ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்.

கார்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிகளின் மூடியைத் திறந்து பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரி அங்கே தொங்கும். ஆசிட் வழிந்து பெட்டியின் அடிப்பக்கமே இல்லாமல் இருக்கும் கார்கள் நிறைய.

சில் மாற்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒழுங்காகச் செய்ய, கதவு நிலையைக் குறுக்குக் கம்பியால் இறுக்கி, பாடி வளையாதபடி தாங்கல் கொடுத்து, நடுத்தகடு வரை வெட்டி எடுத்துச் செய்ய வேண்டும். எஞ்சின் வேலையைவிட இந்த டிங்கரிங் வேலைக்குத்தான் காசு கரையும். எஞ்சின் புகைகிறது, பாடி கெட்டி என்று ஒரு காரும், எஞ்சின் புதுசு, சில் சந்தேகம் என்று ஒரு காரும் இருந்தால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

ரோட்ஸ்டரா, ஜிடியா?

ஜிடி 1965-இல் வந்தது. கூரை வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபாரினாவின் கை உண்டு. பின்னால் தூக்கும் கதவு, நல்ல சாமான் இடம், மழைக்குப் பயமில்லை. பின் சீட் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும்தான், பெரியவர்கள் உட்கார முடியாது. கூரை இருப்பதால் பாடியும் இறுக்கம். விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. லண்டன், பர்மிங்காம் குளிரில் வருடம் முழுவதும் ஓட்டப்போகிறவருக்கு ஜிடிதான் என் பரிந்துரை. வட அமெரிக்காவில் ஜிடி விற்பனை 1974-ஓடு நின்றுவிட்டது, ஆகவே அங்கே கிடைப்பவை பெரும்பாலும் குரோம் பம்பர்தான்.

எம்ஜிசி, வி8 இரண்டும்?

இரண்டும் எம்ஜிபியில் பெரிய எஞ்சின் வைத்த வகைகள். எம்ஜிசி 1967–69-இல் மட்டும் வந்தது. 2912 சிசி, 6 சிலிண்டர், சுமார் 9000 கார்கள். முன்பாரம் அதிகம் என்று அன்றைய பத்திரிகைகள் குறை சொன்னதால் பெயர் கெட்டது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் அலுங்காமல் போக அது அருமையான கார். இளவரசராக இருந்தபோது மன்னர் சார்லஸும் ஒரு எம்ஜிசி ஜிடி வைத்திருந்தார்.

வி8 ஜிடி 1973 முதல் 1976 வரை, மொத்தம் 2591. ரோவரின் 3528 சிசி அலுமினிய எஞ்சின் என்பதால் 8 சிலிண்டர் இருந்தும் எடை பெரிதாகக் கூடவில்லை. அது வந்த சில வாரங்களில் எண்ணெய் நெருக்கடியும் வந்து விற்பனையைக் கவிழ்த்தது. தொழிற்சாலை ஜிடியாக மட்டுமே விற்றது. அதனால் 'ஒரிஜினல் வி8 ரோட்ஸ்டர்' என்று யாராவது சொன்னால் அது பின்னாளில் மாற்றிக் கட்டியது. அப்படி நன்றாகக் கட்டியவையும் உண்டு, விலைதான் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் வருடத்தை நம்பலாமா?

அது பதிவான வருடம். தயாரான வருடமும் மாடல் வருடமும் வேறாக இருக்கலாம். 1967 நவம்பரில் தயாரானது 1968 மாடல். 1969-இல் தயாராகி ஷோரூமில் கிடந்து 1971-இல் பதிவானதும் இருக்கும். சேஸிஸ் எண்தான் சரியான சாட்சி. 'ஜிஎச்என்' என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், 'ஜிஎச்டி' என்றால் ஜிடி. அடுத்து வரும் 3 முதல் தலைமுறை, 4 என்றால் 1967–69, 5 என்றால் அதற்குப் பின். அமெரிக்காவுக்குப் போன 1970 மாடல் முதலான கார்களில் அடுத்து 'யு' என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் வருடத்துக்கான எழுத்தும் இருக்கும்: ஏ என்றால் 1970, பி 1971, சி 1972.

இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் அந்தக் காரின் தயாரிப்புத் தேதி, நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். விலை உயர்ந்த முதல் தலைமுறைக் கார் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டனில் சாலை வரி, லண்டன் யூலெஸ் கட்டணம்?

40 வயது கடந்த கார்கள் 'ஹிஸ்டாரிக்' வகுப்பில் சேரலாம். சேர்ந்தால் சாலை வரி இல்லை, யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும்) கட்டணம் இல்லை. எல்லா எம்ஜிபியும் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன, ஆகையால் இந்த விஷயத்தில் வருடம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் தானாக மாறாது; விண்ணப்பித்து மாற்ற வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றாலும் வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் குறைந்த ஈ5 போடுங்கள், குழாய்களையும் எத்தனால் தாங்குபவையாக மாற்றிவிடுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் வைத்த ஹெட்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கை மருந்து ஊற்றி ஓட்டலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகும் விதம் நிறையச் சொல்லும். 20 நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை, ஐடிலில் 15-க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வேகமாக இறக்கிப் பாருங்கள், இரண்டாவது சின்க்ரோ முதலில் தேய்வது வழக்கம். ஓவர்டிரைவை மூன்றிலும் நான்கிலும் போட்டுப் பாருங்கள். 1977-க்குப் பிறகு நான்கில் மட்டும்தான் வேலை செய்யும், அது பழுதல்ல.

கம்பி வீல் என்றால் முன்னே பின்னே நகர்த்தும்போது பின்பக்கம் 'டக்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஆக்ஸிலில் உள்ள வாஷர் தேய்ந்திருந்தால் செலவு குறைவு, வீல் ஹப்பின் பல் தேய்ந்திருந்தால் ஹப்பும் வீலும் சேர்ந்து போகும். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் ஆடினால் 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டியதை முந்தையவர் அடிக்கவில்லை என்று பொருள். கிளட்ச் நழுவுகிறதா என்பதை மேட்டில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பாருங்கள். கிளட்ச் பிளேட் மலிவுதான், அதை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியிருப்பதால் அந்தக் கூலியைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.